இரண்டாம் பக்கத்து விம்மல்

ஐஸ் பெட்டி ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தது. வெள்ளத்தாய் மதினி பாட்டெடுக்கும் சுதிக்கு அது ஒரு மயிரிழை கீழே இருந்தது. கொஞ்சம் மேலே தூக்கினால் சரியாகப் போகும் என்று சீனியம்மாளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காலையில் பெட்டியை இறக்கி வயரைச் செருகியதிலிருந்து இதே நினைப்புதான். வேறு ஏதாவது நினைக்க வேண்டும் என்று தெரிந்தது. பெட்டிக்குள் மதினி கிடக்கிறாள், நெற்றியில் காசு ஒட்டியிருக்கிறது, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது, பல்வலிக்காரியைப் போல. பல்வலி வந்தால் மதினி இப்படித்தான் கட்டிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்கு வருவாள், கட்டியபடியே குச்சி அடுக்குவாள், கட்டியபடியே பாடவும் செய்வாள். கண்ணாடி வேர்த்திருந்தது. ஒரு துளி இறங்கி வந்து நடுவில் நின்றது, பக்கத்துத் துளி சேர்கிற வரை அசையாமல் இருந்தது, சேர்ந்ததும் விறுவிறுவென்று கீழே ஓடியது. சீனியம்மாள் அடுத்த துளியைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. தண்ணீர் வராத நாளில் குழாயைத் திறந்துவிட்டுக் குடத்தோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது, உள்ளேயிருந்து புஸ் என்று காற்று மட்டும் வந்தது. பந்தலுக்குள் நுழைந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவளும் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், என்னவோ அவர்களுக்குத்தான் ஆள் செத்துப்போனதைப் போல. ஒருத்தியின் ஜாக்கெட்டில் நாப்தலின் வாசனை அடித்தது. சாவுக்கென்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தாள். கால் மரத்துப் போயிருந்தது. எந்தக் கால் என்று உடனே தெரியவில்லை.

"சீனி இன்னும் பாடலையா?" என்று யாரோ கேட்டார்கள். பின்னாலிருந்து மூக்கம்மாவின் குரல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசும் எதிர்வீட்டு மூக்கம்மா, "ஊரான் சாவுக்கெல்லாம் மாரடிச்சுக்கிட்டுப் போயி நின்னா. சொந்த மதினிக்கு நாக்கு ஒட்டிக்கிடுச்சு பாரு," என்றாள். "சும்மா இரிங்கத்தை, பாவம், அதிர்ச்சியில இருக்காக," என்றாள் மதினியின் மருமகள் பொன்னுக்கிளி. அதிர்ச்சி இல்லையே என்று சீனியம்மாள் நினைத்தாள். அதிர்ச்சி என்றால் ஏதாவது ஆட வேண்டும். ஒன்றும் ஆடவில்லை. மூக்கம்மா சொல்வதும் பொய்யில்லை. இந்த வட்டாரத்தில் அவள் பாடாத சாவு கிடையாது. லாரி டிரைவர் சாவு, டீக்கடைக்காரர் சாவு, கல்யாணம் முடிந்த மாதமே மருந்து குடித்த பிள்ளையின் சாவு, எல்லாவற்றுக்கும் மதினியோடு போய் உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்ததும் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். மதினி ஒரு அடி எடுப்பாள், அடியின் கடைசிச் சொல் முடிவதற்கு முன்பே சீனி அதை வாங்கி நீட்டிப் பிடித்துக்கொள்வாள், அந்த இடைவெளியில் மதினி மூச்செடுப்பாள். ஏந்துவது என்று அவர்களுக்குள் அதற்குப் பெயர். "ஏந்துட்டி, ஏந்து, கீழ விழுந்துரப் போகுது," என்பாள் மதினி, பாட்டு ஏதோ கைப்பிள்ளை மாதிரி. எடுக்கிற ஆள் பெட்டிக்குள் இருக்கிறாள். ஏந்துகிறவள் எதை ஏந்துவது. பொன்னுக்கிளி டீ கொண்டுவந்து கையில் வைத்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும், மதினியின் தம்பி மகன்கள் தூத்துக்குடியிலிருந்து சேலையோடு வந்துகொண்டிருக்கிறார்கள், எட்டயபுரம் தாண்டிவிட்டார்களாம், கோடி போர்த்தியதும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் பாட வேண்டும். நான் முந்திப் போனா நீ பாடணும், நீ முந்திப் போனா நான் பாடுவேன், இது பேச்சு. எத்தனையோ தடவை பேசியது. மதினி கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொன்னாள், மூக்கில் குழாயோடு, "ஏட்டி, ஒழுங்காப் பாடு. மூக்கம்மாவ எடுக்க விட்ராத. அவ ஆடு கத்துற மாதிரி கத்துவா, நான் எந்திரிச்சு ஓடிருவேன்."

இதற்குச் சிரித்தோமா என்று நினைத்துப் பார்த்தாள். சிரித்த மாதிரி இல்லை. நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னது ஞாபகம் இருந்தது, நர்ஸின் செருப்பு பச்சை நிறம் என்பது ஞாபகம் இருந்தது. பந்தல் துணியும் பச்சை. அதன் வழியாக வந்த வெயில் எல்லோர் முகத்திலும் பாசி பிடித்த மாதிரி விழுந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பாடி வெளிவந்த முதல் ரிக்கார்டின் அட்டையும் பச்சைதான். அட்டையில் இரண்டு பொம்பளைகளை வரைந்திருந்தார்கள், இடுப்பில் குடம், தலையில் பூ, முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை. கீழே "ஊத்துப்பட்டி சகோதரிகள்" என்று போட்டிருந்தது. சகோதரிகளும் இல்லை, ஊத்துப்பட்டியும் இல்லை. ரிக்கார்டு கம்பெனிக்காரர் மதுரையில் வைத்து, "நாத்தனாரும் மதினியும் சேர்ந்து பாடுறாங்கன்னா எவனும் நம்ப மாட்டான்மா, அடிச்சுக்கிடுவாங்கன்னுதான் நெனப்பான், சகோதரிகள்னே இருக்கட்டும்," என்றுவிட்டார். அண்ணன் அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல எம் பொண்டாட்டி எது, எந் தங்கச்சி எது?" என்று கேட்டான். "தொடை தெரியுறது ஒங்க தங்கச்சி," என்றாள் மதினி. "ரெண்டு பேருக்குந்தான தெரியுது?" "அப்ப ரெண்டும் ஒங்க தங்கச்சிதான்." கேட்டுப் பார்க்க வீட்டில் ரிக்கார்டு பெட்டி இல்லை. அருளப்பன் ரேடியோ கடைக்கு அட்டையை முந்தானையில் மூடிக்கொண்டு போனார்கள், யாரும் பார்த்துவிட்டால் திருட்டுப் பொருள் என்று நினைப்பார்கள் போல. அருளப்பன் வேகத்தை மாற்றி வைத்துவிட்டார். குச்சி அடுக்கும்போது பாடுகிற பாட்டு அது, தீப்பெட்டி ஆபீசில் கை ஓடுகிற வேகத்துக்குப் பாடியது, கடையில் அது கிறீச் கிறீச்சென்று ஓடியது. "அணில் பாடுதுட்டி," என்றாள் மதினி. முதன்முதலாகத் தங்கள் குரலை வெளியே கேட்டது அணில் குரலாகத்தான். பிறகு சரியாக வைத்தபோது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. அணிலே தேவலை என்றார்கள். எது தன் குரல், எது மதினி குரல் என்று சில இடங்களில் சீனியம்மாளுக்கே தெரியவில்லை. ஏந்துகிற இடங்களில் தையல் தெரியவில்லை. பயமாக இருந்தது அது, கண்ணாடியில் பார்க்கும்போது பின்னால் இன்னொருத்தி நிற்பது போல. அந்தப் பயம் இப்போதும் லேசாக இருந்தது. பயம் இருக்கிறது, அழுகைதான் இல்லை. பயம் இருந்தால் ஆள் முழுக்கக் கெட்டிப்பட்டுவிடவில்லை என்றுதானே அர்த்தம்.

"சித்தப்பா, கோடி எங்க வருதாம்?" என்று வாசலில் யாரோ கேட்டார்கள். "பைபாஸ் ஏறிட்டாகளாம்." மேளக்காரர்கள் தப்பைக் காய்ச்சுவதற்கு வைக்கோல் கொளுத்தினார்கள். புகை பந்தலுக்குள் வந்தது. நல்லது, புகைக்காவது கண்ணில் தண்ணீர் வரட்டும் என்று சீனியம்மாள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். எரிந்தது, வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். யாரும் கவனிக்காதபோது, கொட்டாவி விடுகிறவளைப் போல. முதல் சொல் நாக்கின் நுனியில் இருந்தது. கிழக்கு. 'கிழக்கு வெளுக்கு முன்னே, நீங்க கிளம்பிட்ட சேதி என்ன, வாசல் தெளிக்கு முன்னே, மதினி, வண்டியேறிப் போனதென்ன.' உண்மையிலேயே விடிவதற்கு முன்னேதான் போனாள். உண்மையிலேயே ஆஸ்பத்திரி வண்டியில்தான் வந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது, ஆனால் அது ஏற்கெனவே பாடியாகிவிட்டது. மூன்றாவது ரிக்கார்டின் முதல் பக்கம். மதினி நாற்பது வயதுகூட ஆகாமல் கல்லுக் குண்டு மாதிரி எதிரே உட்கார்ந்திருக்க, அவளைச் சாகடித்து அழுத பாட்டு. அன்றைக்கு அழுகை எப்படிக் கொட்டியது. பாட்டு முடிந்த பிறகும் நிற்கவில்லை, மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "போதும்ட்டி, நான் இன்னும் சாகல," என்றாள். அன்றைக்கே எல்லாம் செலவாகிவிட்டதோ. ஒரு சாவுக்கு இவ்வளவு அழுகை என்று அளந்து ஊற்றியிருந்து, அதை மதராசில் ஏசி ரூமில் ஒரு மைக்குக்கு முன்னால் கொட்டித் தீர்த்துவிட்டோமோ.

எல்லாம் அந்தக் கம்பெனிக்காரரால் வந்தது. குச்சி அடுக்கும் பாட்டு ஓரளவு போயிற்று, நடவுப் பாட்டு அவ்வளவாகப் போகவில்லை, மூன்றாவதற்கு ஒப்பாரி வேண்டும் என்றார். பக்கத்துக்கு ஒன்று. "யாருக்கு?" என்று கேட்டாள் மதினி. அவருக்கு விளங்கவில்லை. "யாருக்கும் இல்லம்மா, சும்மா பாடுங்க." சும்மா எப்படிப் பாடுவது. செத்தவர் பெயர் இல்லாமல் ஒப்பாரி வராது, அண்ணே என்றோ அத்தை என்றோ ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டால்தான் அடுத்த அடி வரும். உயிரோடிருக்கிற புருஷன் பெயரையோ பிள்ளை பெயரையோ போட முடியுமா. ஏற்கெனவே செத்துப்போனவர்களை மறுபடி கூப்பிட்டுத் தொந்தரவு செய்யலாமா. ரயிலில் போகும்போது இதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள், விழுப்புரம் தாண்டியதும் மதினி முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள், "நீ என்னப் போட்டுக்கோ, நான் ஒன்னப் போட்டுக்கிடுதேன். ரெண்டு பேரும் செத்தா கணக்கு நேராயிரும்." இன்னொரு வில்லங்கம் இருந்தது. பிணம் இல்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் அது பிணம் தேடும். வீட்டில் பழகும்போது உலக்கையைக் கிடத்தித் துணி போர்த்திக்கொள்வார்கள். அங்கே உலக்கைக்கு எங்கே போவது. பாட மாட்டோம் என்று இரண்டு பேரும் சுவர் ஓரமாக நின்றுவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஐயங்கார், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் உடைந்துபோன மைக் ஸ்டாண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது செத்துப் போயி ஆறு மாசமாறது. போதுமா?" மதினி அதைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தினாள். தன் பையிலிருந்து துண்டை எடுத்துப் போர்த்தினாள். நுனியில் ஒரு காசை ஒட்டினாள். கால் பெருவிரலைக் கட்ட வேண்டுமே என்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றாள். "ஏட்டி, இதுக்கு மூணு காலுல்ல இருக்கு. எதையும் எதையும் சேத்துக் கட்ட?" ஐயங்கார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு காலைச் சேர்த்துக் கட்டிவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டாள். மதினி அப்போதே ஒரு சட்டமும் போட்டாள். யார் பெயரைச் சொல்லி அழுகிறோமோ அவள் பாட்டு முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது. ஏந்தவும் கூடாது. செத்தவள் பேச மாட்டாள். பேசினால் பாட்டு பலித்துவிடும். அதனால்தான் அந்த ரிக்கார்டில் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஒன்றுமில்லாத ஒரு இடம் இருக்கும். அந்த இரண்டு பாட்டையும் எந்தச் சாவு வீட்டிலும் பாடுவதில்லை என்று முடிவு செய்தார்கள், பாடவும் இல்லை. ரிக்கார்டு எங்கெங்கோ போயிற்று. ரேடியோவில் ஒருவர், அந்த இரண்டாம் பக்கத்தில் நடுவே வருகிற விம்மலைப் போல எந்தப் பாடகியிடமும் கேட்டதில்லை என்றாராம். அந்த விம்மல். அது எப்படி வந்தது. சீனியம்மாளின் நினைப்பு அந்த இடத்துக்கு வந்து, கிணற்றுப் படியில் பாசியை மிதித்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வந்தாள். காசு ஒட்டியது, நூல் கட்டியது, பாட்டெடுத்தது, பிறகு. மறுபடி வழுக்கியது. பெட்டி இரைந்துகொண்டிருந்தது, ஒரு இழை கீழே.

"அத்தை," என்று தோளில் ஒரு கை. மதினியின் மகன் தங்கமாரி. கண் வீங்கியிருந்தது. நரைத்த மீசைக்காரன், அழுது அழுது சின்னப் பிள்ளை முகமாகியிருந்தான். "நீங்க பாட வேணாம்த்தை. மூச்சு வாங்குது ஒங்களுக்கு. அம்மா ரிக்கார்டு பாட்டு போன்ல இருக்கு, எவனோ மெட்ராஸ்காரன் ஏத்தி விட்டிருக்கான். அத மைக்செட்டுல போடச் சொல்லிட்டேன். நீங்க அம்மாவுக்குப் பாடுனது இருக்குல்ல, அது." சரி என்று தலையை ஆட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. மூக்கம்மா, "அப்ப இன்னைக்கு மிஷினுதான் அழுகுது," என்றாள். தெருமுனையில் கட்டியிருந்த மைக்செட்டுக் குழாய் கரகரத்தது, ஒரு இருமல், ஒரு விளம்பரம், வட்டி குறைந்த நகைக் கடன் பற்றி ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள், யாரோ ஓடினார்கள், பிறகு ஊசி தட்டில் இறங்கும் சத்தம். மழை தூரத்தில் பெய்வது போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து மதினி பாடினாள். மதினிதான். சீனி பாடியது முதல் பக்கம், அவர்கள் போட்டது இரண்டாம் பக்கம். 'சீனிக் கரும்பொடச்சேன், எனக்குச் சிந்தாத சாறு கண்டேன்.' பந்தல் முழுக்கத் திரும்பிச் சீனியம்மாளைப் பார்த்தது. "அய்யய்ய, ஏய் தங்கமாரி, நிறுத்தச் சொல்லு, செத்தவ எந்திரிச்சு உசுரோட இருக்கவளுக்கு ஒப்பாரி வைக்கா," என்று மூக்கம்மா எழுந்தே விட்டாள். "மாத்துங்கப்பா, மாத்துங்க." தங்கமாரி தலையில் கையை வைத்தான். சீனியம்மாள் கையைத் தூக்கினாள். இருக்கட்டும் என்கிற மாதிரி. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். திறக்கக் கூடாது என்பது அவளுக்கு முன்பாக அவள் வாய்க்கு ஞாபகம் வந்துவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மதினியின் குரல் தெருவின் மேலே, மின்கம்பிகளுக்கு மேலே போயிற்று. 'சாறெல்லாம் மண்ணில் போச்சே, நான் சக்கையத்தான் கையில் வச்சேன்.' அப்புறம் அந்த ஒன்றுமில்லாத இடம். ஊசியின் இரைச்சல் மட்டும். ஐஸ் பெட்டியும் இரைந்தது, இரண்டு இரைச்சலும் ஒன்றோடொன்று இழைந்தன, குழாயில் வருகிற சுதி இதைவிட ஒரு இழை மேலே, ஆமாம், அதுதான் சரியான சுதி, காலையிலிருந்து அவள் காது அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அடுத்த அடி. அடுத்த வெறும் இடம். அந்த வெறும் இடத்துக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த ஏசி ரூமுக்குள், குளிரில் கால் மரத்துப்போய், வாயை மூடிக்கொண்டு, தான் செத்துக் கிடக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. துண்டு சின்னது. தலைப்பக்கம் இழுத்தால் கால்பக்கம் போதாது. கட்டாமல் விட்ட மூன்றாவது கால் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அடியில் ரப்பர் மாட்டிய கறுப்புக் கால், ஏதோ ஆட்டம் போடப் போகிறவளைப் போல, செத்தும் அடங்காதவளைப் போல. பார்க்கக் கூடாது என்று பார்த்தாள். அப்போது வந்தது. குழாயில், மதினியின் குரலுக்குப் பின்னால், வெறும் இடத்தில், சின்னதாக ஒரு இருமல். க்ஹும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது அவள்தான். செத்துப்போன சீனியம்மாள், சிரிப்பை விழுங்க முடியாமல், வாயைத் திறக்காமல் இருமியது. அந்த இருமலைக் கேட்டு மதினி நிமிர்ந்து பார்த்தாள், சீனியின் கண் போகிற இடத்தைப் பார்த்தாள், அந்தக் காலைப் பார்த்தாள். அடுத்த அடியின் நடுவில் குரல் உடைந்தது. உடைந்து, குலுங்கி, ஒரு கணம் எங்கேயோ போய், மூக்கால் மூச்சை இழுத்து, சுதியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. விம்மல். ஐயங்கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது. கம்பெனிக்காரரிடம் எப்படிச் சொல்வது, ரேடியோக்காரரிடம், அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் இரண்டு பேருக்குள்தான் இருந்தது. ஆபீசில் குச்சி அடுக்கும்போது ஒருத்தி ஒற்றைக் காலை நீட்டினால் போதும், இன்னொருத்தி எழுந்து வெளியே ஓட வேண்டும்.

பந்தலில் பொன்னுக்கிளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். தங்கமாரி கம்பைக் கட்டிக்கொண்டு அழுதான். மூக்கம்மாவே அழுதாள், ஆடு மாதிரிதான். இத்தனை பேரில் அது சிரிப்பென்று தெரிந்த ஆள் இப்போது ஒரே ஒருத்தி. அதை நினைத்த மாத்திரத்தில் சீனியம்மாளுக்குள் ஏதோ ஆடியது. மேலே வந்தது. இருமலாக்கி விழுங்கப் பார்த்தாள், நடக்கவில்லை, தோள் குலுங்கியது, வாய் திறந்துகொண்டது, சிரித்துவிட்டாள். பெரிய சத்தம். சிரிப்பு பாதி வழியில் எதிலோ இடித்து உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து தண்ணீர் வந்தது, சூடாக, நிற்காமல். "அழுதுட்டாக, அத்தை அழுதுட்டாக," என்று பொன்னுக்கிளி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழுவு தாயி, நல்லா அழுவு," என்று மூக்கம்மா முதுகில் அடித்தாள். குழாயில் மதினி அடுத்த அடியை எடுத்தாள். 'மூச்சுக்கு மூச்சு வந்தே, என் மொழிக்கு மொழி நின்ன கண்ணே.' கடைசிச் சொல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் அந்த வெறும் இடம் வந்துவிடும். சட்டம் ஞாபகம் இருந்தது. பேசினால் பலித்துவிடும். பலித்தால் பலித்துவிட்டுப் போகட்டும். சீனியம்மாள் பொன்னுக்கிளியின் கையை விலக்கிவிட்டு, அந்தச் சொல்லைக் கீழே விழுவதற்கு முன்னால் வாங்கினாள். கண்ணே. நீட்டிப் பிடித்தாள். குரல் கிழிந்திருந்தது, ஆனால் சுதி சரியாக இருந்தது. மதினி மூச்செடுப்பது குழாயில் கேட்டது. அடுத்ததையும் வாங்கினாள். அதற்கடுத்ததையும். பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு இடமும் வெறுமனே விடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கோடிச் சேலையோடு தூத்துக்குடிக்காரர்கள் இறங்கினார்கள். மேளம் ஒன்று இரண்டு அடி அடித்துப் பார்த்தது. பெட்டியின் வயரைப் பிடுங்கினார்கள், இரைச்சல் நின்றது. கண்ணாடியைத் தூக்கும்போது குளிர் வந்து முகத்தில் அடித்தது. எல்லோரும் மதினியின் முகத்தைப் பார்க்க முட்டிக்கொண்டு வந்தார்கள். சீனியம்மாள் மட்டும் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். பெருவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு சரியாக விழுந்திருந்தது. போர்த்தியிருந்த துணி போதுமானதாக இருந்தது, இருந்தாலும் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். குனிந்து, மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"ரெண்டுதான் மதினி இருக்கு."